வாகனம் அதிர்கிறதா? மலையேறும் முன் அடியில் பாருங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வீட்டைவிட்டு வெளியேறிய பலர் வாகனத்தை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். வீதி உடைந்திருந்தது, நடந்துதான் வரமுடிந்தது. இப்போது லக்கல பக்கம் திரும்பிப் போகும்போது, முற்றத்திலோ மாட்டுக்கொட்டிலின் ஓரத்திலோ சேறு காய்ந்தபடி அந்தப் பழைய ஜீப் நிற்கிறது. புதிய பற்றரி போட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். “ஓடுது” என்ற சந்தோஷத்தில் வீதிக்கு எடுக்கிறோம். அப்போதுதான் அதிர்வு தெரிகிறது.

இந்தப் பகுதி அந்த அதிர்வைப் பற்றியது. ஃபோர்வீல் என்று நாம் சொல்லும், நான்கு சில்லுகளும் இழுக்கும் பழைய வாகனங்களுக்காக எழுதப்பட்டது: லேண்ட் ரோவர், மிட்சுபிஷி ஜீப், மஹிந்திரா, டபுள் கெப், ஃபோர்வீல் வான்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. கைவசம் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இல்லை. மரக்கறி ஏற்றுவதும், மிளகு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், இரவில் நோயாளியை இறக்குவதும் அதே வாகனம்தான்.

மலைப்பாதையில் இது ஏன் சிறிய விஷயம் அல்ல

ரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் வரை ஏறி, பிட்டவல பத்தனையைத் தாண்டி இலுக்கும்புரவுக்கு இறங்கும் பாதையை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இறக்கத்தில் நல்ல சாரதி பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். இரண்டாம் கியரில் போட்டு, என்ஜினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்குவார். அந்தப் பிடி சில்லுக்குப் போவது எதன் வழியாக? வாகனத்தின் அடியில் நீளமாகச் சுழலும் இரும்புக் குழாய் வழியாக. அதைத்தான் கராஜில் புரப்பலர் ஷாஃப்ட் என்கிறார்கள். அதன் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் உண்டு. யூனிவர்சல் ஜொயின்ட் என்பது அவற்றின் பெயர். சிலுவை வடிவில் இருப்பதால் பலர் ‘குரோஸ்’ என்றே சொல்வார்கள்.

சாதாரண ஓட்டத்தில் பின்சில்லு மட்டும் இழுக்கும் ஜீப்பில் பின்ஷாஃப்டின் ஜொயின்ட் இறக்கத்தில் உடைந்தால், என்ஜினின் பிடி அந்த நொடியே போய்விடும். கியரில் இருந்தும் வாகனம் நியூட்ரலில் இருப்பதுபோல ஓடும். ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பழைய லேண்ட் ரோவரிலும், வில்லிஸ் வழிவந்த பழைய மிட்சுபிஷி, மஹிந்திரா ஜீப்கள் பலவற்றிலும் ஹேண்ட் பிரேக் சில்லில் பிடிப்பதில்லை. அது நடுவிலுள்ள ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில், அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் துண்டானால் அதுவும் பிடிக்காது. மிஞ்சுவது கால் பிரேக் ஒன்றுதான், அதுவும் பல வாரம் சேற்றில் நின்ற பிரேக்.

ஆகவே முதலில் கால் பிரேக்கைச் சரிபார்க்காமல் அதிர்வைத் தேட வேண்டாம். பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றை எடுத்து, பிரேக் எண்ணெயைப் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

கழுவுவதற்கு முன் ஒரு படம்

சேற்றோடு நிற்கும் வாகனத்தை இலக்கத்தகடு தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்ற கோடு பக்கக் கதவில் தெரியும். அதையும் எடுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால் காப்புறுதி நிறுவனத்துக்குத் தேவைப்படும். கிராம உத்தியோகத்தரிடம் சேத விபரம் கொடுக்கும்போதும் உதவும். கழுவிய பிறகு எடுத்த படத்தால் பயன் இல்லை.

பிறகு கழுவுங்கள், ஆனால் வெளிப்பக்கத்தை மட்டுமல்ல. சில்லின் உட்புறக் குழியில் காய்ந்து ஒட்டிய சேறு ஒரு பக்கம் அரைக் கிலோ இருந்தாலே போதும், 50 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நாங்கள் பார்த்த அதிர்வுகளில் காசு செலவில்லாமல் தீர்ந்தவை பெரும்பாலும் இவைதான். ஷாஃப்டின் மேலும் சேறு ஒட்டியிருக்கும். வைக்கோல், கம்பி, கயிறு, கிழிந்த தறப்பாள் துண்டு சுற்றியிருக்கும். கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

எங்கள் அலுவலக ஜீப் ஒன்று அதிர்ந்தபோது டயர் கடையில் மூன்று தடவை சில்லுகளை பலன்ஸ் செய்தோம். கலைப்பிரிவில் படித்த எனக்கு டயர்க்காரர் சொன்னது வேதவாக்கு. நான்காம் முறை வயதான சாரதி ஒருவர், “தம்பி, அடியில யாராவது எட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. பின்ஷாஃப்டின் ஒரு பக்கத்தில் செம்மண் சிமெந்துபோல இறுகியிருந்தது.

எண்ணெயில் தண்ணீர்

நீர் சில்லின் நடுப்பகுதியைத் தாண்டி ஏறியிருந்தால், கியர் பெட்டி, ட்ரான்ஸ்பர் பெட்டி, முன்பின் டிஃபரன்ஷல் ஆகியவற்றுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காற்று வெளியேற ஒரு சிறு துவாரம் உண்டு. தண்ணீர் அதன் வழியாகவும், தேய்ந்த சீல் வழியாகவும் நுழையும். வாகனம் பல நாள் அசையாமல் நின்றிருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். அடிப் பூட்டாணியைச் சற்றே தளர்த்தினால் முதலில் சொட்டுவது எண்ணெயா தண்ணீரா என்று பாருங்கள். ஏற்கெனவே ஓட்டிவிட்டிருந்தால் இரண்டும் கலந்து பால் தேநீர் நிறத்தில் இருக்கும். எந்த நிலையிலும் அந்த எண்ணெயோடு ஓட்டக்கூடாது. பெயாரிங்குகள் தேயத் தொடங்கினால் இரைச்சலும் அதிர்வும் வரும், பிறகு பெட்டியையே திறக்கவேண்டி வரும்.

ஒரு சிறிய கவனம்: எண்ணெய் ஊற்றும் மேல் பூட்டாணியை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துக் கழராமல் இருக்கும்போது அடியைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டால், வாகனத்தை நகர்த்தவே முடியாமல் போகும்.

எண்ண முடிந்தால் சில்லு, எண்ண முடியாவிட்டால் ஷாஃப்ட்

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கருவி தேவையில்லை. வாகனத்தில் வேறு ஆள், சாமான் இல்லாமல், தட்டையான நேரான வீதியில் ஓட்டிப் பாருங்கள்.

40 கி.மீ. வேகத்தில் ஜீப் சில்லு ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 5 தடவை சுற்றும். பழைய லேண்ட் ரோவரில் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.7 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 20க்கும் மேல். மற்ற ஜீப்களிலும் இந்தக் கணக்கு இதற்கு அருகில்தான். எனவே சில்லு, டயர் கோளாறு என்றால் ‘தடக் தடக்’ என்று தாளம்போல, கிட்டத்தட்ட எண்ணக்கூடியதாக வரும். ஷாஃப்ட் கோளாறு என்றால் எண்ண முடியாத ‘ர்ர்ர்’ என்ற அதிர்வு தரையிலும் இருக்கையிலும் தெரியும். கியர் கம்பு கையில் கூசும். கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் மங்கலாகும்.

தாளம்போல வருவது ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சில்லைப் பாருங்கள், இருக்கையின் கீழ் தெரிந்தால் பின்சில்லை. பல வாரம் ஒரே இடத்தில் நின்ற டயரின் அடி தட்டையாகியிருக்கும். 10, 15 கி.மீ. ஓடியபின் அதிர்வு குறைந்தால் அதுதான் காரணம். குறையாவிட்டால், அல்லது டயரின் பக்கத்தில் வீக்கம் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வாகனம் நிற்கும்போதே, நியூட்ரலில் என்ஜின் வேகத்தைக் கூட்டும்போது அதே அதிர்வு வருகிறதா? அப்படியானால் சில்லையும் ஷாஃப்டையும் விட்டுவிடுங்கள். என்ஜினைத் தாங்கும் றப்பர் மவுண்ட் உடைந்திருக்கலாம், அல்லது என்ஜின் ஒழுங்காக ஓடவில்லை. ஓடும்போது மட்டும் வருகிறது, கிளச்சை மிதித்தாலும் மாறவில்லை என்றால் சில்லு அல்லது ஷாஃப்ட். இந்தக் கிளச் சோதனையை மலை இறக்கத்தில் செய்ய வேண்டாம். களுகங்கை நீர்த்தேக்கத்தை அண்டிய சமமான வீதித் துண்டுகள் இதற்குப் போதும்.

முன்சில்லின் நடுவில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் உள்ள வாகனங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஃபோர்வீல் கியரை எடுத்துவிட்டு, ஹப்பைத் திறந்து ஒரு தடவையும் பூட்டி ஒரு தடவையும் அதே வேகத்தில் ஓட்டுங்கள். திறந்திருக்கும்போது முன்ஷாஃப்ட் சுழலாது. அப்போது அதிர்வு இல்லாமல் போனால் கோளாறு முன்பக்க ஷாஃப்டில்தான். இப்படி ஒரு தகவலோடு கராஜுக்குப் போகிறவருக்கும் “சும்மா அதிருது பாஸ்” என்று போகிறவருக்கும் பில் வித்தியாசமாக வரும். கராஜ்காரரைக் குறைசொல்லவில்லை. தேடுவதற்கும் நேரம் செலவாகிறது.

அடியில் படுத்துப் பார்ப்பது

இதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது, ஆகவே சற்று நின்று வாசியுங்கள்.

ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க கியரும் ஹேண்ட் பிரேக்கும் விடுபட்டிருக்க வேண்டும். அதாவது வாகனத்தைப் பிடிக்க எதுவும் இல்லை. சமதரையில் மட்டும் செய்யுங்கள். நான்கு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் பெரிய கல் அல்லது மரக்குற்றி வையுங்கள். சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை முற்றத்திலிருந்து அனுப்பிவிடுங்கள். என்ஜின் ஓடும்போது அடிக்குப் போகவே கூடாது.

ஹேண்ட் பிரேக் ஷாஃப்டில் உள்ள ஜீப்பில் இன்னொரு பொறி உண்டு. ஹேண்ட் பிரேக்கை இறுக்கமாக இழுத்துவிட்டு ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷல் காரணமாகத் தூக்கிய சில்லு ஒரு பக்கமும் தரையில் உள்ள சில்லு மறுபக்கமும் சுழல முடியும். பிரேக் போட்டிருந்தும் வாகனம் ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கும். கல் வைக்காமல் டயர் மாற்றுவது எவ்வளவு பழக்கமான வேலையாக இருந்தாலும் செய்ய வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம்.

ஷாஃப்டை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், திருகுங்கள். ஜொயின்டின் இரு கவைகளுக்கு இடையே சிறு அசைவும் இருக்கக்கூடாது. திருகும்போது டிஃபரன்ஷலுக்குள் கொஞ்சம் தளர்வு கேட்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜொயின்டின் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிறீஸ் தீர்ந்து துரு அரைக்கிறது என்று பொருள். மெதுவாக ஓடும்போது குருவி கத்துவதுபோலக் கேட்கும் ‘கீச் கீச்’ சத்தமும், கியர் போட்டு எடுக்கும்போது வரும் ‘டக்’ என்ற ஒற்றை அடியும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. கிறீஸ் நிப்பிள் இருந்தால் கிறீஸ் அடிக்கலாம், ஆனால் ஆட்டம் வந்துவிட்ட ஜொயின்டை கிறீஸ் காப்பாற்றாது. மாற்றுங்கள். ஷாஃப்டின் முனைத் தட்டில் உள்ள நான்கு போல்ட்களையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். நட்டுத் தளர்ந்ததால் மட்டும் வாகனம் அதிர்வது நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஷாஃப்டின் குழாயில் கல் அடித்த பள்ளம் இருக்கிறதா, பலன்ஸுக்காக ஒட்டவைத்த சிறு இரும்புத் துண்டு விழுந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உருண்டு வந்த கற்கள் கிடந்த வீதியில் ஓடிய வாகனங்களில் இது சாதாரணம். வளைந்த ஷாஃப்டை அடித்து நிமிர்த்தித் தரும் இடங்கள் உண்டு. மலைப்பாதைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஷாஃப்டைக் கழற்ற வேண்டி வந்தால், கழற்றும் முன் வெள்ளை பெயின்ட்டால் மூன்று இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள்: இரு முனைத் தட்டுகளிலும், நடுவில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இடத்திலும். அந்த நடு இணைப்பை ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் இரு முனை ஜொயின்டுகளும் ஒன்றையொன்று சரிக்கட்டாது. புது ஜொயின்ட் போட்ட பிறகு முன்பைவிட அதிகமாக அதிர்கிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாத்தளையிலோ தம்புள்ளையிலோ கிடைக்காத பாகத்துக்குப் பலர் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறார்கள். போகும்போது பழையதையும் எடுத்துச் செல்லுங்கள், அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பொருந்தாது.

சேற்றுக்குப் போட்ட கியர் தாரிலும் இருந்தால்

கோளாறே இல்லாத வாகனமும் அதிரும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. உள்வீதி சேறாக இருப்பதால் ஃபோர்வீல் போட்டு ஏறுகிறோம். பிரதான வீதிக்கு வந்தபின் எடுக்க மறந்துவிடுகிறோம். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட தூரம் ஓடவேண்டும். நடுவில் டிஃபரன்ஷல் இல்லாத ஜீப்பில் முன், பின் ஷாஃப்டுகள் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். உலர்ந்த தாரில் வழுக்காது. முறுக்கம் ஷாஃப்டிலும் ஜொயின்டிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் வாகனம் துள்ளும், ஃபோர்வீல் கம்பை இழுத்தால் வராது. கம்போடு மல்லுக்கட்டாமல், நேராகச் சில மீட்டர் பின்னுக்கு எடுங்கள். முறுக்கம் கழன்று கம்பு வந்துவிடும்.

எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் வான்களில் இதே சேதத்தை டயர் செய்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு கிடைத்த டயரைப் போட்டுக்கொள்வது இயல்பு, இரண்டு புதியது, இரண்டு தேய்ந்தது, ஒன்று வேறு அளவு. பின்சில்லு வாகனத்தில் அது சமாளிக்கும். ஃபோர்வீல் வானில் சுற்றளவு வித்தியாசம் முழுவதும் நடுவிலுள்ள கப்ளிங்கில் வெப்பமாகத் தங்கி, கடைசியில் அதை இறுக்கிவிடும். நிவாரணப் பணத்தில் இரண்டு பெரிய புது டயர் வாங்குவதைவிட, ஒரே அளவில் ஒரே அளவு தேய்ந்த நான்கு பழைய டயர் வாங்குவது இந்த வான்களுக்கு நல்லது.

முதல் பயணம்

எல்லாம் பார்த்து முடிந்ததும் சாரதி மட்டும், சாமான் இல்லாமல், 5 கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று இளஞ்சூடாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சில்லின் பெயாரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது, அல்லது பிரேக் இறுகி நிற்கிறது. ஃபோர்வீலில் வளைவில் மட்டும் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டால், முன் அக்சிலின் வெளி ஜொயின்ட் தேய்ந்திருக்கிறது. அதன் றப்பர் உறை கிழிந்து மணல் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தரைக்கு அடியில் திடீரென்று அடிக்கும் சத்தம் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், அடுத்த வளைவு வரை போக வேண்டாம். பின்ஷாஃப்டின் முன்முனை கழன்று தாரில் குத்தினால் வாகனத்தையே தூக்கிப்போடும். நிறுத்தியதும் சில்லுக்குக் கல் வைக்கும்வரை கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள். கல் வைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால், மலையேறும் முதல் பயணத்தில் மட்டும் வளர்ந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்துக்குள் எப்போதும் இரண்டு மரக்குற்றிகள் இருக்கட்டும்.

குடும்பமும் சாமானும் அந்த முதல் பயணத்தில் ஏற வேண்டாம். ஒரு நாள் பஸ்ஸில் வரட்டும். இந்தப் பிரதேசத்துக்கு வீடு பெயர்வது புதிதல்ல, களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரமே இடம் மாறியது. அப்போதும் கட்டில், அலுமாரி, நெல் மூட்டை, அவற்றின்மேல் பிள்ளைகள் என்று ஒரே ஏற்றாக ஏற்றியவர்கள் இருந்திருப்பார்கள். பாரம் ஏறும்போது பின்பக்கம் தாழ்ந்து ஷாஃப்டின் சாய்வும் மாறுகிறது. வெறும் வாகனத்தில் தெரியாத ஜொயின்ட் கோளாறு பாரத்தில்தான் வெளிவரும். ஆகவே இரண்டாம் பயணத்தில் பாதிச் சாமான், மூன்றாவதில் மீதி. 50 கி.மீ. ஓடியதும் சில்லு நட்டுகளையும் ஷாஃப்ட் போல்ட்களையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.